மாமனாரின் இலை

இலையின் ஓரத்தில் அவருடைய வலக்கை கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்; அவர் அதை அங்கே வைக்கவில்லை. சக்கர நாற்காலியை மேசைக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்த பணியாள், மடியில் சரிந்திருந்த கையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார். விரல்கள் பாதி மடங்கி, உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. சோறு வந்தது. சாம்பார் வந்தது. முட்டைக்கோஸ் பொரியலும் அப்பளமும் வைத்தார்கள். என் மாமனார் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பளம் நமுத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். அவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவரை நினைத்தால் முதலில் அந்தக் கைதான் வருகிறது, முகம் பிறகுதான் வருகிறது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது எனக்குக் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மாமியார் என் திருமணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மருத்துவமனையிலிருந்து நேரே வீட்டுக்கு அழைத்து வர முடியாது, நடக்கவும் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளவும் பழகட்டும் என்றார்கள். செங் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு பழைய பங்களாவை இழுத்துக் கட்டிய பராமரிப்பு இல்லம் ஒன்று இருந்தது. அங்கே சேர்த்தோம். அலோர் காஜாவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அது தூரமில்லை. ஆனாலும் வாசலில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பிய அன்று, வழி நீண்டுகொண்டே போனதாக நினைவு. என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை; பேறுகால விடுப்பு முடிந்ததும் நான் திரும்பியாக வேண்டும். மகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவில் ஓர் அக்கா இருந்தார். மாமனாரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் இல்லத்தில் எங்களிடம் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்கள். தடி ஊன்றிக் கழிப்பறைக்குப் போய் வர வேண்டும். எடுத்து வைத்த சாப்பாட்டைத் தானே சாப்பிட வேண்டும். இரண்டும் வந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போவது ஒன்றைத்தான் அவர் கேட்டார். நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம், "அடுத்த மாசம் வந்துடலாமாம்மா?" என்பார். அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார். நானும் "வந்துடலாம் மாமா" என்பேன். சொல்லிவிட்டு, வந்தால் என்னால் முடியுமா என்று யோசிப்பேன். தவழும் குழந்தை, தடி, ஈரமான குளியலறைத் தரை எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வரும். வராவிட்டாலோ, ஊரார் என்ன சொல்வார்கள், அவர் என்ன நினைப்பார் என்பது வரும். எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் நெஞ்சுக்குள் எதுவும் அசையாமல் நின்றுவிடும். காருக்குள் ஏறி மகளுக்கு இருக்கை வாரைப் பூட்டுவேன்.

இல்லத்தில் மாதம் ஒரே மாதிரி சுற்றி வந்தது. மாதத் தொடக்கத்தில் முடி வெட்டுபவர் வருவார். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வெட்டு. பிறகு டாக்டர் வருவார். நடுவில் ஒருநாள் தாதியர் கல்லூரி மாணவிகள் வந்து பலூன் கட்டி, பழைய பாட்டுகளைப் பாடி, எல்லோரையும் கைதட்டச் சொல்வார்கள். ஒரு கை மட்டும் இயங்குபவர்கள் தொடையில் தட்டுவார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்ப நாள். அந்த மாதம் பிறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். அதன்பின் கோயில் இளைஞர்கள் வாழை இலை போட்டு விருந்து பரிமாறுவார்கள். நல்ல பையன்கள். இங்கே தட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போன தமிழ்ப் பெரியவர்கள் மாதத்தில் ஒருநாளாவது இலையில் சாப்பிடட்டும் என்று, அவர்களே யோசித்து ஆரம்பித்தது அது. கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சீன இளைஞரை எல்லோரும் பிசியோ என்பார்கள். குடும்பத்தார் அன்றுதான் வருவார்கள் என்பதால், யார் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அவர் அன்றுதான் பார்த்துச் சொல்வார்.

மாமனார் நடையில் சீக்கிரம் தேறினார். தடியோடு கழிப்பறைக்குப் போய் வந்தார். பயிற்சி அறையில் இடக்கையால் கரண்டி பிடித்து, ஒரு கிண்ணத்தில் இருந்த பச்சைப்பயற்றைச் சிந்தாமல் இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக் காட்டினார். பிசியோ கைதட்டினார். ஆனால் அரை மணி நேரத்தில் இலை போட்டதும் மாமனார் கல்லாகிவிடுவார். "தாத்தா, ஆரம்பிங்க தாத்தா" என்று பையன்கள் சொல்வார்கள். "பசிக்கலப்பா" என்பார். நான் கரண்டியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தால், "எடுத்துடும்மா" என்பார், குரலை உயர்த்தாமல். நான் ஊட்ட முயன்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் என் கணவர் ஊட்டுவார். எங்களுக்காக இரண்டு வாய் வாங்கிக்கொள்வார். பிசியோ சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கைக்கு முடிகிறது, மனம் ஒத்துழைக்கவில்லை, பகலில் தனியாக விட்டால் பட்டினி கிடப்பார் என்று மலாயில் சொல்வார். தலைமைத் தாதி தமிழ்ப் பெண். அங்கே எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. "வீட்டுல ஊட்டறதுக்கு ஆள் இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போங்கம்மா. இல்லாட்டி அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அடுத்த மாதமும் அதே மாதிரிதான் போனது. அதற்கடுத்த மாதமும்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்தில் ரப்பர் ஆலையில் வேலை செய்தவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின் தொழிற்சாலைக் காவலர். ஆனால் தோட்டத்தார் அவரை நினைவில் வைத்திருந்தது வேறொன்றுக்காக. மாரியம்மன் திருவிழாப் பந்தியில் பரிமாறும் பொறுப்பு பல வருடங்கள் அவருடையது. வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாராம். இடக்கையில் அப்பளம் நீட்டிய பையனைப் பந்தியிலிருந்தே வெளியேற்றியிருக்கிறார். அவசரத்தில் இடக்கையால் இலையைத் தொட்ட ஒருவரை, "அந்தக் கைக்கு வேற வேலை இருக்குப்பா" என்று எல்லோரும் சிரிக்கும்படி சொன்னாராம். இதையெல்லாம் என் கணவர் எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். இல்லத்தில் அந்த இலைக்கு எதிரே மாதாமாதம் உட்கார்ந்திருந்தும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. என் கணவரும் பார்க்கவில்லை. இல்லத்தில் பரிமாறிய பையன்களில் இரண்டு மூன்று பேர் அந்தப் பழைய தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள்.

சேர்த்துப் பார்த்தவர் பக்கத்துக் கட்டில்காரர். கோலா சுங்கை பாருவிலிருந்து மீன் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் அவர் லோரி மாமா. "எனக்குக் கால் இல்ல, ஒங்க மாமனாருக்குக் கை இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்லா" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஒரு குடும்ப நாளில், மாமனாரை முகம் கழுவ அழைத்துப் போயிருந்தபோது, என்னைக் கைகாட்டி அருகே கூப்பிட்டார்.

"யாரு சொன்னா அவரு சாப்புடலன்னு? மத்த நாளு பூரா நல்லாத்தான் சாப்புடறாரு."

யார் ஊட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லலா. கரண்டி, எடது கை. செவுத்தப் பாத்துத் திரும்பி ஒக்காந்துக்குவாரு. நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாரு. அதுக்காவே சாப்பாட்டு நேரத்துக்கு நான் கண்ண மூடிக் கெடக்கேன். என் சோறு ஆறிப்போவுது தெனமும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க எல போட்டு, மருமவ எதுக்கால ஒக்காந்து, ஊரு பசங்க சுத்தி நின்னா, மனுசன் எப்படி அந்தக் கையத் தூக்குவாரு?"

வார நாட்களில் தட்டு காலியாகத் திரும்பியதை இல்லத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். யார் ஊட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேறு யாரோ ஊட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அன்று காரில் கணவரிடம் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "அப்பாகிட்ட கேட்டுடாத" என்றார். கேட்கவில்லை. கேட்டால் அவர் அதையும் நிறுத்திவிடுவார் என்று இருவருக்கும் தெரிந்தது.

எனக்கு அழவேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். இல்லை. இனி அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது மட்டும் ஒரு செய்திபோல மனதில் நின்றது. மறுநாள் மதிய இடைவேளையில் பிசியோவுக்குத் தொலைபேசினேன். எனக்குத் தெரிந்த மலாயில், எந்தக் கை எதற்கு என்று விளக்கினேன். அலுவலகத்தில் மற்றவர்கள் இருந்ததால் மெதுவாகப் பேச வேண்டியிருந்தது. அப்படியானால் பயிற்சி அறையில் மட்டும் ஏன் செய்தார் என்று அவர் கேட்டார். அது பச்சைப்பயறு, சாப்பாடு இல்லை என்றேன். சொன்னபிறகுதான் எனக்கே அது சரியாக விளங்கியது. வாரநாள் ஒன்றில் வந்து பார்க்கிறேன் என்றார்.

நானும் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். போயிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. நடைவழியில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல் இருந்தது. ஒரு பட்டை விலகியிருந்தது. பிசியோ பார்த்தார், மிஸ்ஸி பார்த்தார், பிறகு எனக்கு இடம் விட்டார்கள். அவருடைய முதுகுதான் தெரிந்தது. இடத்தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நிதானமாக, நீண்ட இடைவெளி விட்டு. லோரி மாமா சுவர்ப் பக்கம் இல்லாமல் எங்கள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், கண்களை இறுக்கி மூடியபடி. நான் உடனே விலகிவிட்டேன். அந்தத் தோளை நான் பார்த்ததே அவருக்குச் செய்த துரோகம்போல் இருந்தது. பிசியோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த குடும்ப நாளுக்கு முன்பே மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் விட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வீட்டில் ஓராண்டுக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். சமையலறைக்கு அடுத்த சிறிய அறையில், சுவரைப் பார்த்தாற்போல் ஒரு மேசை போட்டோம். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். மகள் நடக்க ஆரம்பித்ததும், அந்த நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள் உள்ளேயிருந்து, "ரசம் இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று குரல் வந்தது. கொண்டு போனேன். ஊற்றும்வரை இடக்கையை மேசைக்கு அடியில் வைத்திருந்தார். கரண்டியிலிருந்து அவர் வேட்டியில் ரசம் சொட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டை மட்டும் பார்த்தேன். "போதும்மா" என்றார். வந்துவிட்டேன்.

ஒரு காலையில் அவர் எழவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், நாற்காலி போட்டேன், மகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்தேன். நான் அழவில்லை என்பதை யாராவது கவனிக்கிறார்களா என்றுகூட யோசித்தேன்.

எட்டாம் துக்கத்தன்று கூடத்தில் படையல் போட்டார்கள். தோட்டத்துப் பழைய ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவருடைய படத்துக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. மாமனாரின் அக்காவை நான் பெரியம்மா என்று அழைப்பேன். அவர்தான் முன்னின்று எல்லாவற்றையும் வைத்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ரசம், ஒரு குவளையில் பால் போடாத கோப்பி. நான் சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து அவருடைய கரண்டியை எடுத்தேன். இலைக்கு இடப்பக்கம் வைக்கலாம். வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள். ஏன் கரண்டி, ஏன் இந்தப் பக்கம் என்று பெரியம்மா கேட்பார், அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டியிருக்கும். கரண்டியை உள்ளே போட்டு மூடினேன். கூடத்துக்கு வந்ததும், வைத்திருக்கலாமோ என்று தோன்றியது. அதற்குள் சூடம் காட்டிவிட்டார்கள். "செத்தவரு வந்து சாப்புடணும், எல்லாரும் வெளிய வாங்க" என்று பெரியம்மா எங்களை வாசலுக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினார்.

வாசலில் எல்லோரும் நின்றோம். வெயில் அடித்தது. சிலர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். யாரோ பிள்ளைகளை அதட்டினார்கள். மகள் என் தோளில் தூங்கியிருந்தாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரியம்மா, "போதும், கதவத் தொறக்கலாம்" என்று கைப்பிடியில் கை வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் பெரியம்மா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாத்தான் சாப்புடுவாரு."

பெரியம்மா கையை எடுத்துக்கொண்டார்.