எச்சில் இலையில் எரியும் அடுப்பு

கல்யாண மண்டபத்து எச்சில் இலையை வைத்து அடுப்பு எரிக்கலாம் என்பது என் ஆராய்ச்சி. தஞ்சாவூரில் மண்டபத்துக்கா பஞ்சம்? குப்பைக்குப் போகும் சோற்றை முகூர்த்தம் முகூர்த்தமாக அளந்து கட்டுரை எழுதினேன், பாராட்டும் வாங்கினேன். "கட்டுரை போதாது, கூட்டாளிகளைச் சேர்த்து நடத்திக் காட்டுங்கள்" என்றது பல்கலைக்கழகம். சேர்த்தேன்.

வளைகுடாவில் சம்பாதித்து வந்து மண்டபம் கட்டியிருந்த பாய், இலையைத் தருவார். நகரத் திட்ட அதிகாரி, அதை அழுகவைத்து எரிவாயு ஆக்கும் தொட்டி கட்டித் தருவார். வாயு, மண்டபத்துக்குப் பின்சந்தில் இட்லிக்கடை வைத்திருந்த அக்காவுக்கு.

அக்காவுக்கு விறகுப் புகையால் இழுப்பு. இன்னும் ஒரு வருஷம் புகையில் உட்கார்ந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிலிண்டர் போட்டால் கட்டுப்படியாகாது. என்னை நம்பி விறகடுப்பை இடித்தே போட்டுவிட்டார், மகராசி. வைகாசியிலும் ஆனியிலும் அடுப்பு நீலமாக எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் இந்த ஊரில் எவன் கல்யாணம் வைப்பான்? இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை, அதிகாரிக்கும் தோன்றவில்லை. மண்டபம் நடத்தியே பிழைக்கிற பாய்க்காவது தோன்ற வேண்டாமா?

"வருஷா வருஷம் ஆடியிலதான் மேடம் மண்டபத்தைப் பூட்டி வெள்ளையடிப்பேன்" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொட்டி பட்டினி. அக்காவின் அடுப்பு அணைந்தது. "சாணி போடலாம் சார், ஊரெல்லாம் மாடு" என்று அதிகாரியிடம் போய் நின்றேன்.

"ஐயையோ! சாணி போட்டா அது கிராமத் திட்டம் ஆயிடுங்க. நம்மளது நகரத் திட்டம். அதுக்கு வேற ஆபீஸ், வேற ஆளு" என்றார். நிதி கொடுத்தவர்கள் அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள், அடுப்பு எரியாவிட்டால் தொட்டியைப் பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்றும் சொன்னார். கூடவே காபி கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே அக்காவிடமும் ஒப்பித்தேன்.

காப்பாற்ற வந்தவர் பாய்தான். "எங்களுக்கு ஏது மேடம் ஆடி? தங்கச்சி மகளோட நிக்காஹை முன்னாடியே வச்சிடுறேன். சாப்பாடு மிஞ்சும், தொட்டி ரொம்பும்."

கல்யாணம் நடந்தது. சஹன் சாப்பாடு. பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. அதில் இலையும் இல்லை, எச்சிலும் இல்லை. பாய் பந்தி பந்தியாகப் போய்க் கெஞ்சினார்: "கொஞ்சம் மிச்சம் வைங்க மாமா!"

மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏம்ப்பா, திங்கிறதக் கணக்குப் பாக்குறியா?" என்று இன்னொரு கரண்டி போடச் சொன்னார். கடைசியில் தொட்டிக்கு ஆகாத எலும்பும் எலுமிச்சைத் தோலும்தான் மிஞ்சின. சும்மா சொல்லக்கூடாது, அருமையான பிரியாணி. நானே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பார்வையாளர்கள் வந்த காலையில் பின்சந்துக்குப் போனேன். பொன்னாடை, பூங்கொத்து, புகைப்படக்காரர் எல்லாம் தயார். அக்கா குளித்து, புதுச்சேலை கட்டி, அடுப்பின் மேல் இட்லிப் பானையை வைத்திருந்தார். அதிகாரி குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தார்.

குப்பென்று நீலமாகப் பிடித்தது! எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வந்தவர்களில் ஒருவர் ஆசையாகக் கேட்டார்: "ஒரு இட்லி சாப்பிட்டுப் பார்க்கலாமா?"

அக்கா பானையைத் திறந்தார். தட்டுகள் காலி. வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"மாவு எங்கக்கா?" என்றேன்.

"தொட்டிக்குள்ள. இந்த வாரம் அரைச்சது பூராவும். அது எரியலன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னீங்கல்ல?"

அதிகாரி அவசரமாக அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, புகைப்படக்காரரைக் கூப்பிட்டார். அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் கேட்டார்:

"இன்னிக்கு எரிஞ்சிருச்சும்மா. நாளைக்கு எதப் போடுறது?"