வலிப்பு என்று எழுதிய பலகை

ஜோசபின் மதாம் காலமான செய்தி வந்தபோது நான் பிள்ளைச்சாவடியில், வலிப்பு நோயாளிகளின் குடும்பத்தார் முன்னால், மைக்கைப் பிடித்து நின்றிருந்தேன். வலிப்பு ஆராய்ச்சிக்கு நன்கொடை கேட்கும் கூட்டம் அது. மதாம்தான் பேசுவதாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று என்னை அனுப்பியிருந்தார். செய்தியைச் சொல்லி, கூட்டத்தைக் கலைத்துவிடலாமா என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு தாய், "மதாம் இருந்தா நிறுத்த வுடுவாங்களா? பேசி முடிங்க சார்," என்றார். பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அறக்கட்டளையின் இந்த மடலைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். குருசுக்குப்பத்துக்காரர். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுவயது முதலே அவருக்கு வலிப்பு உண்டு. அதை ஊரறியச் சொல்லித்தான் எங்கள் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஒருமுறை மாதா கோயில் திருவிழாவில், உண்டியலோடு நின்றவருக்கு வலிப்பு வந்துவிட்டது. நாங்கள் ஒருக்களித்துப் படுக்க வைப்பதற்குள் யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டார்கள். நன்றாகத் தெளிந்து உட்கார்ந்ததும், "யாருதுப்பா இந்தச் சாவி?" என்றார் மதாம். ஒருவர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "இரும்பால இது நிக்கல, தானா நின்னுச்சு. எதால நிக்கும்னு கண்டுபிடிக்கத்தான் காசு கேக்கறோம். உண்டியல்ல போட்டுட்டு சாவிய வாங்கிக்க." அவர் போட்டார். பின்னால் நின்றவர்களும் சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நாங்கள் பணம் தருகிறோம். போன ஆண்டு கை வறண்டு, அது நின்றுபோகும் நிலை வந்தது. சேதராப்பட்டில் ஆலை வைத்திருக்கும் ஒருவர் ஓராண்டுச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: ஆய்வுக்கூடப் பலகையில் 'வலிப்பு' கூடாது, 'மூளை நலம்' என்று போட வேண்டும்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறோம் மதாம். அவளுக்கும் இது இருக்கு," என்றார் தணிந்த குரலில்.

"எனக்கும் இருந்துச்சு. சொல்லித்தான் கட்டிக்கினேன். பேரைச் சொல்லவே கூசுற நோய்க்கு மருந்து எங்கேந்து வரும்?" என்று மதாம் எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஒரு வார்த்தைக்காக ஆராய்ச்சியையே கைகழுவுகிறீர்களே என்று ஆலை வாசலிலேயே சண்டை போட்டேன். "கேட்டுக்கினே இருப்பா, குடுப்பாங்க," என்றார். நோயாளிகளின் வீடுகளில் கேட்டோம், தேவாலயப் பங்குச் சபைகளில் கேட்டோம். ஆராய்ச்சி தட்டுத் தடுமாறி நடந்துகொண்டிருக்கிறது.

அடக்கத்தன்று அந்த ஆலைக்காரர் மகளோடு வந்திருந்தார். மண் போட்டு முடிந்ததும் அந்தப் பெண் நேராக ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரிடம் போனாள். "எனக்கும் வலிப்பு இருக்கு டாக்டர். உங்க ஆராய்ச்சில என்னையும் சேத்துக்குங்க." அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அப்பா அவளைத் தடுக்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

மதாமிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது கேட்கக் கூசாத வாய். திங்கட்கிழமை சேதராப்பட்டுக்குப் போகிறேன். இந்த முறை ஓராண்டுச் செலவைக் கேட்கப் போவதில்லை; ஆராய்ச்சி முடியும்வரைக்கும் கேட்கப் போகிறேன்.