இடத்து மாடும் இரும்புக் கலப்பையும்

கிராம சேவகர் பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே சர்வீஸ் நான்கு வருஷம்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். "ஏரைத் தொட்டா கைய ஒடிச்சிருவன், புஸ்தகத்த எடு" என்பார். நானும் தொடவில்லை. பரீட்சைகள் தேறி, தேன்கனிக்கோட்டைப் பக்கம், கன்னடமும் புழங்கும் ஒரு எல்லைக் கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் பொறுப்பு, ஊரார் வாங்க முன்வரும்படி புது இரும்புக் கலப்பையால் உழுது காட்டுவது. ராஜம்மாக்கா என்ற விவசாயி தன் நிலத்தையும் காளைகளையும் கொடுத்தார். பிளாக் ஆபீசர் ஜீப்பில் வந்திருந்தார். அவர் எழுதும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். நானே மாடு பூட்டினால் மதிப்பாக இருக்குமென்று பூட்டினேன். காளைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளி, கலப்பையை இழுத்துக்கொண்டு பக்கத்து அவரைக்காட்டுக்குள் போய்விட்டன.

"சார், இடத்து மாட்ட வலத்துல பூட்டிட்டீங்க" என்றார் ராஜம்மாக்கா. "பழக்கின நாள்ல இருந்து அது இடப்பக்கந்தான் நடக்குது. சட்டைய முன்பின்னா மாட்டிவிட்டா நீங்க ஆபீஸ் போவீங்களா?"

ஊரே சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை வர்றேன். அன்னிக்கும் அவரைக்காட்டுலதான் உழவுன்னா, நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்."

சாயங்காலமே ராஜம்மாக்காவிடம் போய், மாடு பூட்டக் கற்றுத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"தர்றன். அந்த ஸ்பேனர எனக்குக் காட்டுங்க. துணியில சுத்தி வெச்சிருக்கீங்களே, அதென்ன நகையா?"

கலப்பையில், அதை நுகத்தடியோடு இணைக்கும் நீளக் கம்பான ஏர்க்கால் சேரும் இடத்தில் ஒரு நட்டு உண்டு. அதை ஸ்பேனரால் தளர்த்தி ஏர்க்காலை ஏற்றி இறக்கினால் உழவின் ஆழம் மாறும். அதை நான் காட்டினேன். அவர் எனக்கு நுகத்தடியும், மாட்டின் கழுத்தை அதில் பூட்டும் பூட்டாங்கயிறும் பழக்கினார். மாடுகளிடம் கன்னடம், என்னிடம் தமிழ். திட்டு மட்டும் இரண்டிலும்.

வெள்ளிக்கிழமை காளைகள் ஒழுங்காக நடந்தன. மூன்றாவது உழவுச்சாலில் கலப்பை ஆழமாக இறங்கி நின்றுவிட்டது. என் கைகள் மேழிப்பிடியிலும் கயிற்றிலும். ராஜம்மாக்கா ஸ்பேனரோடு வந்து, நட்டைத் தளர்த்தி, ஏர்க்காலைச் சரிசெய்து முடுக்கினார். "ஓட்டுங்க சார்."

ஓடியது. வரப்பில் நின்ற ஒருவர், "அந்தம்மாவே முடுக்குதே, நமக்கென்ன கேடு. எனக்கொண்ணு எழுதிக்குங்க" என்றார். பின்னாலேயே ஆறு பேர்.

"அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் ஆபீசர்.

"நான் சார்."

"உங்களுக்கு மாடு?"

"அவங்க சார்."

"நீங்களும் ஒரு சால் ஓட்டுங்க சார்" என்றார் ராஜம்மாக்கா. ஆபீசர் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டினார். சால் கோணல்மாணலாகப் போயிற்று. அப்போதுதான் அவர் சிரித்தார். ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து ரிப்போர்ட் எழுதினார்: இவரை நிரந்தரமாக்கலாம், இனிப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியில் முதல் பதினைந்து நாள் வகுப்பறை வேண்டாம், தொழுவம் போதும்.

வந்த அன்றே நோட்டுக்குப் பதில் கயிற்றைக் கொடுத்தார்களே என்று உங்களில் சிலருக்கு வருத்தமாம். படிப்பு வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. அந்த நட்டைப் பற்றிப் புத்தகத்தில்தான் படித்தேன். படித்ததை எடுத்துச் சொல்ல ஊர் நம்மை நிலத்துக்குள் விட வேண்டுமே, அதற்குத்தான் கயிறு.