ஏரியின் மேல் போட்ட பழி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழியில், பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வாடகை வீடு பிடித்துக் குடிபோனோம். எனக்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசையும் வேலை. குடிபோன சில வாரங்களிலேயே இருமலும் இளைப்பும் என்னைப் பிடித்துக்கொண்டன.

என் மனைவி விசாரணையே இல்லாமல் தீர்ப்பு சொல்லிவிட்டாள். எல்லாவற்றுக்கும் ஏரிக்காற்றுதான் காரணமாம். ஜன்னல்களைச் சாத்தினாள். கற்பூரவல்லிக் கஷாயம் கொடுத்தே என்னை ஒரு வழி பண்ணினாள். கடைசியில் கீழ்க்கட்டளையில் வேறு வீடும் பார்த்துவிட்டாள். எனக்கோ அந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி காபி குடிக்கிற வசதி வேறு எங்கே கிடைக்கும்?

சாமான் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் போனோம். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காருக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். இளைப்புக்குக் காரணம் தான் வளர்த்த நாய்தான் என்று அதைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டாராம். நாய் போயும் இளைப்பு போகவில்லை.

டாக்டரம்மா முதலில் என் வேலையைக் கேட்டார். அப்புறம், "எந்த நாள்ல மூச்சு நல்லா இருக்கு?" என்றார்.

யோசித்தேன். வார லீவு நாளில்தான். அன்றைக்கு முழுக்க நான் ஏரிக்கரையில்தான் கிடப்பேன்!

மைதாத் தூசிதான் காரணம், வருஷக்கணக்கில் புழங்கிய பிறகும் புதிதாக இப்படி வரும் என்றார். மாவு, பெயின்ட், மரத்தூள், பார்லர் ப்ளீச் பவுடர் என்று புழங்குகிறவர்களுக்கு, ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைவிட இந்த ஆபத்து அதிகமாம். மருந்தோடு, மாவுப் பக்கம் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

என் மனைவி முகத்தில் அசடு வழிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பிசைவதற்கு முன் ஒரு கை மைதாவை மேஜை மேல் வீசி அடிப்பேன், காலி மூட்டையை உதறுவேன். ரூமே வெள்ளையாகிவிடும். அந்த ஸ்டைலுக்கே என்னை மாஸ்டர் என்பார்கள்.

மறுநாள் தயங்கித் தயங்கி முதலாளியிடம் சொன்னேன். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"இதச் சொல்லாம எதுக்கு மாஸ்டர் கஷ்டப்பட்டுகினு இருந்தீங்க? நாளைலேர்ந்து கேக்குக்கு க்ரீம் போடுங்க. மாவு ரூம் பக்கமே வராதீங்க" என்றார்.

அதோடு விடவில்லை. மாவை வீசுவது, மூட்டையை உதறுவது இரண்டையும் மாவு ரூமில் மற்றவர்களையும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நான் முதலில் போட்ட க்ரீம் ரோஜா காலிஃப்ளவர் மாதிரி இருந்தது. இப்போது கை படிந்துவிட்டது, இளைப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டது. வீடும் மாறவில்லை.

சோறு போடும் வேலையே மூச்சை அடைக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. வாய்திறந்து சொன்ன அன்று முதலாளி என்னை வெளியே அனுப்பாமல் இடம் மாற்றி உட்கார வைத்தாரே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.