அவள் தட்ட வேண்டிய கல்

முள்ளுக்காட்டை வெட்டி எங்கள் ஊருக்கு முதலில் குடிவந்தவர்கள் ஏரியோரம் மண் எடுத்த குழி இன்னும் இருக்கிறது. பழைய வீடுகள் அத்தனையும் அந்தக் குழியிலிருந்து எழுந்தவைதான். வீடு கட்டுகிறவரே மண் மிதித்து, செங்கல் அறுத்து, சூளை வைப்பார். சூளை பிரித்ததும் முதல் கல்லை வீட்டுக்காரி விரல் மடக்கித் தட்டுவாள். கணீரென்றால்தான் மற்ற கல்லைச் சூளையிலிருந்து இறக்குவார்கள்.

எங்கள் புது வீட்டுக்கு வைத்த சூளையில் தீ அடங்கிய அன்று என் மனைவியைத் தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "எட்டு நாளு ஆறட்டும் மாமா. அவசரப்பட்டு கைய வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆம்புலன்சில் ஏறினாள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மணமேடையில் கை நடுங்கி, மூன்று முடிச்சையும் என் அக்காவே போடும்படி ஆனது.

நான்காம் நாள் டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. நாள் அதிகமில்லை என்பது மட்டும் ஏறியது. அடுத்த பஸ்ஸில் ஊருக்கு ஓடி, சூளையின் மண்பூச்சை மண்வெட்டியால் உடைத்தேன். அனலில் பாதி மீசை கருகியது. குளிர்காற்று பட்டு வெளிக்கல்லெல்லாம் படபடவென்று வெடித்தது. என் பல்லும் அதே தாளத்தில் ஆடியது.

முழுசாகத் தெரிந்த ஒன்றை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி பையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு மண்டைய ஒடைக்கப் போறீங்க?"

"என் மண்டையத்தானுங்க. ஊட்டுக்காரி ஒடைப்பா."

சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

அவள் படுத்தபடியே தட்டினாள். தட் என்றது. மறுபடி தட்டினாள். அதே தட். என் மீசையைப் பார்த்தாள்.

"இன்னைக்கே பிரிச்சிட்டீங்களா?"

"இல்ல புள்ள. எட்டு நாளு ஆச்சு."

"எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்." சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல இருக்கற கல்லு நல்லாத்தான் இருக்கும். மறுபடி மூடி வெச்சு எட்டாம் நாளு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. தட்டிப் பாக்கறேன்."

ஆறாம் நாள் போய்விட்டாள்.

எட்டாம் நாள், வீட்டில் உறவுக்கூட்டம் உட்கார்ந்திருக்க, யாரிடமும் சொல்லாமல் சூளைக்குப் போனேன். அவள் சொன்னபடி மறுபடி மூடி வைத்திருந்ததைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு கல் எடுத்தேன். வெதுவெதுப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. தட்ட விரலை மடக்கினேன். அப்படியே நீட்டிவிட்டேன். அது என் வேலை இல்லை.

சூளை மேல் இப்போது புல் முளைத்திருக்கிறது. எப்போது கல் இறக்குவீர்கள் என்று கேட்பவர்களிடம், "அவசரப்பட்டா மீசை போயிருமுங்க" என்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள்.