கவிழ்ந்த பிறகு ஓடிய ரோபோ

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தே இருபது வருடம் வேலை பார்த்தவள் அந்த மெக்கானிக் அக்கா. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரையும் லாரித் தகட்டையும் வைத்து அவள் செய்த சண்டை ரோபோவை, போட்டியில் எதிராளியின் ரோபோ முதல் இடியிலேயே கவிழ்த்துவிட்டது. சக்கரங்கள் பெரியவை என்பதால் கவிழ்ந்தும் ஓடியது. ஆனால் ரிமோட்டில் இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். கைதேர்ந்தவர்களே தடுமாறும் இடம் அது.

"போச்சு, மானமே போச்சு!" என்று தலையில் கைவைத்தார் அவள் புருஷன்.

அவளோ அலட்டிக்கொள்ளாமல் ஓட்டி, எதிராளியை மூலையில் முட்டி முடக்கிவிட்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கவிழ்ந்ததை எப்படி ஓட்ட முடிந்தது என்று கேட்டார் நடுவர்.

"இருபது வருஷமா வண்டிய அடியிலருந்துதானேங்க பாக்குறேன்? அது நேரா நின்னப்பதான் கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு."