படாத குத்து

சவரிராயன் இருபத்தாறு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை என்று விழுப்புரம் பணிமனையில் சொல்வார்கள். ஐம்பத்திரண்டாவது வயதில், மாசி மாதம் நடந்த உடல் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டிவிட்டது. சர்க்கரையும் கூடுதல். எடை தொண்ணூற்றேழு கிலோ. மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது, உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள் என்று டாக்டர் எழுதிவிட்டார். அதுவரைக்கும் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுத வேண்டும்.

பத்து நாளில் அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தபடியே இடது கால் கிளட்சை மிதிக்கும். தினமும் விழுப்புரத்திலிருந்து போய்வரும் பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தாலோ இன்னும் மோசம். கூட்டேரிப்பட்டு வளைவில் டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவர் போட்டுவிடுவார். பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்காருவார். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. வாக்கிங் போய்ப் பார்த்தார். நடக்க நடக்க யோசனைதான் கூடியது, உடம்பு குறையவில்லை.

அவர் மனைவி சகாயசெல்வி ஆறு மாதமாகக் காலையில் ஒரு பாக்சிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து நாலைந்து பெண்களும் உண்டு. ஒருநாள் விடியற்காலை, அடுப்படியில் டம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து அவள் பொறுமை இழந்தாள்.

“உங்களோட பெரிய பேஜாருங்க. கெளம்புங்க, எங்கூட வாங்க.”

“நான் போய் எவங்கிட்ட அடி வாங்கறது இந்த வயசுல?”

“அங்க யாரும் யாரையும் அடிக்கறதில்ல. தொங்கற மூட்டைய குத்தணும், காத்துல குத்தணும், அவ்ளோதான்.”

டயர் கடைக்கு மேல் மாடியில், தகரக் கூரை போட்ட நீளமான கூடம். சொல்லிக்கொடுப்பவள் நாசியா. கோட்டக்குப்பத்தில் பிறந்து, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்லூரி நாட்களில் மாநிலப் போட்டி வரைக்கும் போனவள். வயது முப்பதைத் தொடவில்லை. சவரிராயனை மேலும் கீழும் பார்த்து, “மாத்திரை சாப்பிடறீங்களா அங்கிள்? டாக்டர் கிட்ட கேட்டுக்கினு வாங்க, அப்பறம் சேர்த்துக்கறேன்” என்றாள். அவர் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு மறுநாளே போய் நின்றார்.

முதல் வாரம் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூச்சு முட்டியது. கையில் சுற்றிய துணி நனைந்து சொட்டியது. முன்னும் பின்னும் கால் மாற்றி நிற்கத் தெரியாமல், இத்தனை வருடம் உட்கார்ந்தே இருந்த இடுப்பு அவரைக் காட்டிக்கொடுத்தது. பெண்கள் சிரித்தார்கள். சகாயசெல்வி சிரிக்காமல் மூட்டையைக் குத்தினாள். அவள் குத்துகிற வேகத்தைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது.

ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவருக்கு மண்டைக்குள் எதுவும் ஓடவில்லை. அதற்காகவே போனார்.

இரண்டாவது மாதம் ஜோடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் முகத்துக்கு நேரே குத்த வேண்டும், ஆனால் ஒரு சாண் முன்னாலேயே கை நின்றுவிட வேண்டும். மற்றவர் தலையைச் சாய்த்து விலக வேண்டும். ஜோடிக்கு சகாயசெல்விதான். எடை எட்டு கிலோ குறைந்தது. கேப்பைக் கூழ் குடிக்கப் பழகினார். வறுத்த மல்லாட்டையைக் கண்டால் மட்டும் கை போனது, ஒரு பிடி கடலை வாய்க்குள் போய்விடும்.

மூன்றாவது மாதம் திண்டிவனத்தில் அது நடந்தது. தென்னரசு என்கிற டிரைவர் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வண்டியைக் கொண்டுவந்தான். முப்பது வயசுக்காரன்.

“அஞ்சு நிமிஷம்னு போட்டுக்குங்கண்ணே.”

“வந்த நேரத்தத்தான் எழுதுவேன்.”

“வண்டிய வுட்டு எறக்கி வுட்டவங்கல்லாம் எனக்கு டைம் சொல்லிக்கினு இருக்காங்க.”

சவரிராயன் எழுந்தது அவருக்கே தெரியாது. இடது கை பாய்ந்து, தென்னரசுவின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கண்டக்டர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தென்னரசு முகம் வெளுத்து, பின்னால் சாய்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டான். அப்படியே வண்டிக்குப் போய்விட்டான்.  புகார் போனால் மெடிக்கல் பரிசோதனையில் தேறியும் பிரயோசனமில்லை.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை நாசியாவிடம் தனியாகச் சொன்னார். கை படவில்லை, சரியாக ஒரு சாணில் நிறுத்திவிட்டேன் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

நாசியாவின் முகம் மாறவில்லை. “இங்க எதிர்ல நிக்கறவங்களுக்கு நீங்க நிறுத்திடுவீங்கன்னு தெரியும் அங்கிள். அவருக்கு எப்டித் தெரியும்? அவருக்கு அது அடிதான். போய்ப் பேசிட்டு வாங்க. அதுவரைக்கும் கிளாஸ் வேணாம்.”

அவர் கைத்துணியைச் சுற்றாமலேயே இறங்கினார். மனைவியிடம் இடுப்பு வலி என்று சொல்லிவைத்தார்.

இரண்டு நாள் தென்னரசு திண்டிவனம் பக்கம் வரவில்லை, ரூட் மாறியிருந்தான். குத்தவும் வழியில்லாமல், உட்காரவும் முடியாமல் சவரிராயன் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் டீக்கடையில் பிடித்துவிட்டார்.

“கைய ஓங்கினது என் தப்புதாம்பா. மன்னிச்சுக்க.”

தென்னரசு டீயை ஊதிக்கொண்டே இருந்தான். பிறகு சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். “கம்ப்ளைன்ட் எழுதி வெச்சிக்கினுதாண்ணே சுத்தறேன். நானும் பேசியிருக்கக் கூடாது. ஆனா அன்னிக்கி நான் பயந்துட்டேன். எல்லாரும் பாத்தாங்க.”

“குடுக்கறதுன்னா குடு.”

“பாக்கறேன்.”

கிழிக்கவும் இல்லை, கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அன்றிரவு சவரிராயன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாயை விரித்துப் போட்டுவிட்டு, “காலையில ஆறு மணிக்கு எழுப்பறேன், கிளாஸுக்குப் போகணும், படுங்க” என்றாள்.

மெடிக்கலுக்குப் பதினோரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் பணிமனை மேலாளர் கூப்பிடுவார் என்றே வேலைக்குப் போனார், அதே பயத்தோடு மூட்டையைக் குத்தினார். யாரும் கூப்பிடவில்லை. பரிசோதனையில் அழுத்தம் நூற்று முப்பத்தாறு. எடை எண்பத்தேழு. டாக்டர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எச்சரித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆனி மாதம் முதல் திங்கட்கிழமை அவருக்கு மறுபடி வண்டி கிடைத்தது. திண்டிவனம் ரூட்தான். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் சந்தோஷம். அதன்பிறகு முதுகு அரிக்கிற மாதிரி ஏதோ ஒன்று. தொடை மரத்தது. இத்தனை வருடம் எப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

திண்டிவனத்தில் எட்டு நிமிடம் வண்டி நிற்கும். குதித்து இறங்கினார். பஸ்ஸின் பின்பக்கம், ஆள் வராத மதிலோரம் போய் நின்று காற்றில் குத்த ஆரம்பித்தார். மல்லாட்டை மூட்டையோடு போன ஒரு அம்மாள் பயந்து ஒதுங்கிப் போனாள். கண்டக்டர் ஆரோக்கியராஜ் தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

“இன்னாண்ணே இது? வண்டிதான் கெடைச்சாச்சே, இன்னும் இன்னா?”

“தெரியலடா” என்றார் சவரிராயன், கையை நிறுத்தாமல். “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. நீ போய் விசில் அடி, ஓடியாறேன்.”